இருபது நிமிடக் குழாயும் எழுபது கமராக்களும்

டூட்டிங்கில் இருக்கிற என் மச்சாள் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளித் துண்டை அனுப்பி, கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "இது எங்கட ஆஸ்பத்திரி."

திறந்து பார்த்தேன். சில்லுக் கட்டிலில் ஒருவரை ஓட்டமும் நடையுமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தாதி ஒருவர் அவருடைய காதருகே குனிந்து பெயர் கேட்கிறார். அடுத்த காட்சியில், வெளியே கதிரையில் ஒரு கிழவர். மடியில் மனைவியின் கைப்பை. அவர் ஒன்றும் பேசவில்லை. கமராவும் அவசரப்படாமல் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறது.

தெற்கு லண்டனில் உள்ள டூட்டிங், இலங்கைத் தமிழர் நிறையப் பேர் வாழும் இடம். அங்குள்ள சென் ஜோர்ஜஸ் வைத்தியசாலையின் அவசரப் பிரிவுதான் 2014 முதல் பல வருடங்களாக '24 அவர்ஸ் இன் ஏ அன்ட் ஈ' (அவசரப் பிரிவில் 24 மணித்தியாலம்) என்ற தொலைக்காட்சித் தொடரின் களமாக இருந்தது. தொடர் தொடங்கியது வேறிடத்தில். 2011 மே மாதம் சனல் 4 இல் முதன்முதலாக ஒளிபரப்பானபோது, அதே லண்டனின் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலையில் படமாகியிருந்தது. பின்னாளில் லண்டனை விட்டு நொட்டிங்ஹாமுக்கும் போனது. சனல் 4 என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. இந்தத் தொடர் தொடங்கி ஏறக்குறைய ஐந்து வாரத்தில், ஜூன் 14 இரவு, அதே அலைவரிசைதான் இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஆவணப்படத்தையும் காட்டியது. அதிலும் ஆஸ்பத்திரி இருந்தது. யாரிடமும் கையெழுத்து வாங்க நேரமில்லாத ஆஸ்பத்திரி.

தொடரின் வேலைமுறை இதுதான். கமராவைத் தோளில் சுமந்துகொண்டு யாரும் நோயாளிக்குப் பின்னால் ஓடுவதில்லை. சுவரிலும் கூரையிலும் கமராக்களைப் பொருத்திவிடுகிறார்கள். படக்குழு வேறோர் அறையில் திரைகளின் முன்னால் இருந்து, எந்தக் கமராவைத் திருப்புவது, எதை நெருக்கிப் பார்ப்பது என்று தீர்மானிக்கிறது. வைத்தியர்களும் தாதிகளும் சட்டையில் சின்ன ஒலிவாங்கி மாட்டியிருப்பார்கள். முதல் தொடருக்கு 70 கமராக்கள், 28 நாட்கள், இரவு பகலாகப் பதிவு. இந்த முறையை அதே சனல் 2008 இல் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள்ளும், 2010 இல் ஒரு பிரசவ விடுதியிலும் முன்பே பரீட்சித்திருந்தது. கமராக்காரன் முன்னால் நின்றால் நாம் தலையைச் சீவிக்கொள்வோம், குரலைத் திருத்திக்கொள்வோம். சுவரில் இருக்கும் கண்ணாடிக் குமிழுக்கு அப்படி யாரும் செய்வதில்லை. அரை மணித்தியாலத்தில் அது சுவரோடு சுவராகிவிடும்.

ஆனால் பார்க்கிறவனைக் கட்டிப்போடுவது அந்தக் குமிழ் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் ஒரே வைத்தியசாலையின் 24 மணித்தியாலத்துக்குள் நடக்கிறது. இடையிடையே, அதே நோயாளியும் உறவினரும் வைத்தியரும் பல நாள் கழித்து அமைதியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். கைப்பையோடு இருந்த கிழவர் அங்கேதான் வாய் திறக்கிறார். மனைவியை முதன்முதலில் கண்டது எங்கே, கல்யாணத்துக்கு யார் மறுத்தது, பிள்ளை ஒன்று தவறியது எப்போது என்று கதை விரிகிறது. ஒரு தொடை எலும்பு முறிவைக் காட்டி ஐம்பது வருடத் தாம்பத்தியத்தைச் சொல்லிவிடுகிற வித்தை இது. கண்ணீர் வராமல் பார்ப்பது கஷ்டம். அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகமும் உண்டு. அவசரப் பிரிவுக்கு வருகிற எல்லாருக்கும் சொல்ல அழகான காதல் கதை இருப்பதில்லையே.

அமெரிக்கர் பிரெடரிக் வைஸ்மன் 1970 இல் இந்தப் பிற்பேச்சே இல்லாமல் ஒரு படம் செய்தார். நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் வைத்தியசாலையில் எடுத்த அந்தப் படத்தின் பெயரே 'ஹொஸ்பிட்டல்'. பின்னணிக் குரலும் இல்லை, பேட்டியும் இல்லை. நோயாளி வருவார், போவார். அவருக்குப் பிறகு என்னானது என்று நமக்குச் சொல்லப்படாது. ஒரு வார்ட் வாங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் பார்வையாளனுக்கும். எது நேர்மையானது என்று என்னைக் கேட்டால் வைஸ்மனுடையது என்பேன். எதை மாமியோடு சேர்ந்து இருந்து பார்க்கலாம் என்றால் சனல் 4 தொடர்தான்.

இரண்டிலும் பொதுவாக ஓடுவது காத்திருப்பு. ஆஸ்பத்திரி நாடகங்கள் இதைத்தான் முதலில் வெட்டி எறியும். லண்டன் அவசரப் பிரிவில் ஒரு சிவப்புத் தொலைபேசி இருக்கும். அம்புலன்ஸ் வந்து சேர முன்பே, யார், என்ன வயது, என்ன நடந்தது என்று அதில் சொல்லிவிடுவார்கள். அது அடித்ததும் உள்ளே ஒரு கட்டில் ஆயத்தமாகும். அதே நேரம் வெளியே மூன்று மணித்தியாலமாகக் காலைத் தொங்கவிட்டபடி இருப்பவரின் முறை இன்னும் ஒருபடி பின்னால் போகும். இந்த வரிசைப்படுத்தலுக்குப் பிரித்தானியாவில் பரவலாக இருக்கும் முறை 1990களில் மன்செஸ்டரில் உருவானது. சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து நிறம். சிவப்பென்றால் இந்த நிமிடமே. நீலமென்றால் நாளைக்கு உங்கள் குடும்ப வைத்தியரிடம் போனாலும் குடி முழுகிவிடாது. வந்த நேரத்துக்கு அங்கே மிகக் குறைந்த மதிப்புத்தான்.

நம் பக்கத்து ஆஸ்பத்திரிச் சண்டைகளில் பாதி இந்த ஒரு விடயத்தில்தான் பிறக்கிறது. "நாங்கதான் முந்தி வந்த. இப்ப வந்த ஆள உள்ள எடுக்காங்க, இது என்ன ஞாயம்?" இந்தக் குரலைக் கேட்காத ஈ.ரி.யூ. (அவசர சிகிச்சைப் பிரிவு) வாசல் மட்டக்களப்பிலும் இல்லை, அம்பாறையிலும் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து வரிசையில் நின்று பழகிய சனம் நாங்கள். துண்டில் இலக்கம் இருக்கிறது. இலக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கு ஒரு கதவுக்கு அப்பால் செல்லாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. முந்திப் போனவர் யாரோ பெரிய மனிசரின் ஆள் என்று நினைத்துவிடுகிறோம். (சிலநேரம் அப்படியும் இருக்கும், அது வேறு கதை.) கதவுக்கு உள்ளே நடப்பதை வெளியே இருப்பவனுக்குக் காட்டுகிற வேலையை லண்டனில் ஒரு தொலைக்காட்சித் தொடர் பத்து வருடத்துக்கு மேலாகச் செய்திருக்கிறது.

இப்படி ஒரு தொடரை இங்கே எடுத்தால் கமரா எதைப் பார்க்கும்?

முதலில் பாதையைப் பார்க்கும். நான் சொல்வது தெருவை மட்டும் அல்ல. வாவியைக் கடக்கிற இயந்திரப் படகுக்கும் நம்மூரில் 'பாதை' என்றுதான் பெயர். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, சனம் சொல்கிற மாதிரிச் சொன்னால் பெரியாஸ்பத்திரி, வாவிக்குக் கிழக்கே கடல் பக்கமான எழுவான்கரையில் இருக்கிறது. வயலும் காடும் யானையும் பாம்பும் மேற்கே படுவான்கரையில். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையிலும் பாதையைக் காத்துத்தான் நோயாளி நின்றார். மாரியில் வெள்ளம் மேவினால் கிரான் பக்கத்து ஊர்களுக்கு இன்றும் தோணிதான். 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் கிழக்குக்கும் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் அவசரப் பிரிவின் கதை இங்கே அவசரப் பிரிவில் தொடங்காது. யார் மோட்டர் சைக்கிள் கொடுத்தது, நடுவில் இருத்தியவரைப் பின்னால் இருந்து யார் பிடித்துக்கொண்டது, எந்தச் சந்தியில் ஆட்டோ கிடைத்தது என்பதில் தொடங்கும். சுவரில் பொருத்திய கமராவுக்கு இதில் எதுவும் அகப்படாது.

பிறகு பாம்பு. 2012, 2013 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் வீடு வீடாக நடத்திய கணக்கெடுப்பு, வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400 பேர் இறக்கிறார்கள் என்று கண்டது. வயல் வேலைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை விதைப்பும் வெட்டும் நடக்கிற ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கண்ணாடி விரியன் கடித்தவர் வந்து சேர்ந்தால் வைத்தியர் செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, வெளியே நிற்கும் சொந்தக்காரர் கண்ணுக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது போலவே படும். கொஞ்ச இரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் நிறுத்தி வைப்பார்கள். இருபது நிமிடம். பிளாஸ்டிக் குழாய் சரிவராது; சவர்க்காரத்தில் கழுவிய குழாயும் பொய் சொல்லும். இருபது நிமிடம் முடிய மெல்லச் சரித்துப் பார்ப்பார்கள். இரத்தம் உறைந்து நின்றால் ஒரு மூச்சு விடலாம். தண்ணீர் போல் வழிந்தால் விஷம் இரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது.

தொடர் எடுப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அசையாத ஒரு குழாய், சுவரில் ஒரு மணிக்கூடு, வாசலில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் விஷகடி வைத்தியரிடம் கொண்டு போகலாம் என்கிறார். ஒருவர் அங்கே போய்விட்டுத்தான் வந்தோம் என்று சொல்லத் தயங்கி நிற்கிறார். காலில் கட்டிய கயிற்றின் தடம் இன்னும் இருக்கிறது. எதிர்விஷ மருந்தை உடனே ஏற்றாமல் ஏன் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று கோபப்படுவதற்கும் பதில் உண்டு. இந்தியாவில் செய்து இங்கே இறக்குமதியாகும் அந்த மருந்துக்கே உடல் மூர்க்கமாக எதிர்வினை காட்டுவது அடிக்கடி நடக்கிறது. மூச்சு இறுகும், இரத்த அழுத்தம் விழும். முன்கூட்டியே சிறிதளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான எதிர்வினைகள் குறையும் என்பதை இலங்கை ஆஸ்பத்திரிகளில் நடந்து 2011 இல் வெளியான ஆய்வு ஒன்றுதான் காட்டியது. தேவையில்லாதவருக்கு எதிர்விஷ மருந்தை ஏற்றக்கூடாது, தேவையானவருக்குத் தாமதிக்கக்கூடாது. நடுவில் நிற்பது அந்தக் குழாய்.

மொழியும் கமராவுக்கு வேலை வைக்கும். அவசரப் பிரிவில் சிங்களம் பேசும் வைத்தியர், தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி, இடையில் மொழிபெயர்க்கும் சிற்றூழியர் என்பது இங்கே அன்றாடக் காட்சி. அம்பாறை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கரையோரத்து ஊர்களில் இருந்து மாற்றப்பட்டுப் போகிறவர்களுக்கு இன்னும் அதிகம். மொழி ஒன்றாக இருந்தாலும் சிக்கல் தீராது. 'நெஞ்சு நோகுது', 'எரியுது', 'குத்துது', 'இறுக்குது' என்று நோயாளி சொல்வதில் எந்தச் சொல் என்பதைப் பொறுத்து வைத்தியரின் அடுத்த கேள்வி மாறும். 'உளையுது' என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று சிற்றூழியர் ஒரு கணம் முழிப்பார். இந்தியத் தமிழர் ஒருவர் எழுத்துரை போட வந்தால் இன்னும் வேடிக்கை. நமக்கு 'வலி வந்தது' என்றால் கை கால் இழுத்த வலிப்பு, நோவு அல்ல. 'வருத்தக்காரர்' என்றால் நோயாளி. அவர் எதற்காகவும் வருந்த வேண்டியதில்லை.

இதெல்லாம் படமாக்கத் தக்கதுதான். படமாக்க விடுவார்களா என்பது தனிக் கேள்வி. அரசாங்க உத்தியோகத்தர் ஊடகத்தோடு பேசுவதை அரசாங்க சேவை விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது என்பதால் கொழும்பில் இருந்து கடிதம் வர வேண்டும். கடிதத்தை ஒருவாறு எடுத்துவிடலாம். கதை உண்மையில் இறுகுவது நோயாளியின் சம்மதத்தில்.

பிரித்தானியாவின் ஒலிபரப்பு ஒழுங்குபடுத்துநரான ஒவ்கொம் வைத்திருக்கும் விதி, ஆஸ்பத்திரி, அம்புலன்ஸ் போன்ற இடங்களில் சம்மதத்தைச் சாதாரணமாக இரண்டாகப் பிரித்து வாங்கச் சொல்கிறது. படம் பிடிக்க ஒரு சம்மதம், ஒளிபரப்ப வேறொரு சம்மதம். இந்தப் பிரிப்பு சும்மா வந்ததல்ல. நோவில் முனகுகிறவன் எதற்கும் தலையாட்டுவான். தேறி, வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் சொல்கிற 'ஓம்'தான் 'ஓம்'. ஆவணப்படக்காரர் இதை அடிபட்டே படித்தார்கள். மேலே சொன்ன வைஸ்மனின் முதற்படம், 1967 இல் மசசூசெட்ஸ் மாநிலத்தில் மனநோயுள்ள கைதிகளை வைத்திருந்த நிறுவனம் ஒன்றைப் பற்றியது. அவர்களின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி நீதிமன்றம் விதித்த தடை 1991 வரை நீங்கவில்லை.

அதைவிட நம்மைத் தொடுவது நியூயோர்க் சம்பவம். 2011 இல் குப்பை லொறி மோதிய ஒருவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் இறக்கிறார். ஏபிசி தொலைக்காட்சியின் மெய்த்தொடர் (ரியாலிட்டி) குழு அங்கே படம் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் அது ஒளிபரப்பானது. முகத்தை மறைத்திருந்தார்கள், பெயர் இல்லை. வீட்டில் இருந்து அதைப் பார்த்த மனைவிக்குக் குரல் போதுமாக இருந்தது. கணவர் இறக்கும் காட்சியை அவர் அப்போதுதான் பார்க்கிறார். 2016 இல் அந்த வைத்தியசாலை அமெரிக்க சுகாதாரத் திணைக்களத்துக்கு 22 இலட்சம் டொலர் கட்டி விடயத்தை முடித்துக்கொண்டது.

எண்பது இலட்சத்துக்கு மேல் சனம் உள்ள நியூயோர்க்கிலேயே குரல் காட்டிக்கொடுத்தது. இங்கே குரல் கூட வேண்டாம். சாரத்தைக் கட்டியிருக்கிற விதத்தில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். மட்டக்களப்பில் புதிதாக ஒருவரைக் கண்டால் எந்த ஊர், யாருடைய மகன் என்று தொடங்கி, பெரியவர்கள் என்றால் எந்தக் குடி, அதாவது தாய்வழிக் குலம், என்பது வரைக்கும் போய்த்தான் நிற்பார்கள். மூன்றாவது கேள்விக்குள் ஏதோ ஒரு சொந்தம் வந்துவிடும். கல்முனையில் அடிபட்டவரை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு ஏற்றினார்களா வடக்கு ஆதார வைத்தியசாலைக்கு ஏற்றினார்களா என்ற செய்தி, அவரைக் கட்டிலில் கிடத்த முன்பே சாய்ந்தமருதுக்கும் பாண்டிருப்புக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இப்படியான இடத்தில் முகத்தை மங்கலாக்குவது கமராக்காரனின் மனச்சாட்சிக்கு மட்டும் உதவும். அதிலும், நஞ்சு குடித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 வரை குற்றமாக இருந்தது. சட்டம் விட்டுவிட்டது, ஊர் இன்னும் விடவில்லை. ஒரு பெண் பிள்ளை அப்படி ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்ற ஒரு வரி, பத்து வருடம் கழித்துக் கல்யாணப் பேச்சில் எழுந்து நிற்கும். அந்தக் கட்டிலின் பக்கம் கமரா திரும்பவே கூடாது, எந்தக் கையெழுத்து இருந்தாலும்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலத் தகவலைக் கூடுதல் காவல் வேண்டிய வகையில் வைக்கிறது. ஆனால் கமரா என்றதும் தொலைக்காட்சிக் குழுவை மட்டும் நினைத்துப் பயப்படுவது பழைய காலம். 2019 ஏப்ரல் 21 இல் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துக் காயக்காரரைப் பெரியாஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடிய அந்த ஞாயிறுக்குப் பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போனைக் கண்டாலே எனக்கு வயிற்றைப் பிசையும். சனல் 4 காரன் இரண்டு சம்மதம் கேட்கிறான். நம்முடைய பேஸ்புக் நேரலைக்காரன் ஒன்றும் கேட்பதில்லை. ஒருமுறை ஒரு ஈ.ரி.யூ. வாசலில் இளந்தாரி ஒருவன் போனை உயர்த்த, வயது போன அட்டெண்டன் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தோளில் கிடந்த படுக்கை விரிப்பை உதறி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு முன்னால் நின்றார். யாரும் அவருக்கு ஒவ்கொம் விதி படிப்பித்திருக்க மாட்டார்கள்.

அதனால், இங்கே எடுக்கலாம் என்று யாராவது கேட்டால், எடுக்கலாம், ஆனால் கமராவை நோயாளிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள் என்றுதான் சொல்வேன். குழாயைக் காட்டுங்கள், மணிக்கூட்டைக் காட்டுங்கள், அந்த அட்டெண்டனைக் காட்டுங்கள் என்று இவ்வளவும் எழுதி மச்சாளுக்கு அனுப்பினேன். சம்மதத்தைப் பற்றி எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவள் தொலைபேசி எடுத்துச் சிரித்தாள். மாமி மகளிடம் போயிருந்த ஒரு வருடம், குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டு அதே அவசரப் பிரிவில் நாலு மணித்தியாலம் இருந்தவர். படப்பிடிப்பு நடக்கிறது என்ற அறிவித்தல் சுவரில் இருந்திருக்கிறது. மச்சாள் நேரே போய், அம்மாவை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஊரில் பார்த்தால் ஆயிரம் கதை கட்டுவார்கள் என்று அவளுக்குப் பயம். அவர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள்.

மாமி இப்போது ஊரில்தான். போன கிழமை கல்லடிக்குப் போனபோது அந்தக் கதையைக் கேட்டேன். மணிக்கட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அவள் வேணாமெண்டு சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது மனே. ஊருக்கு வந்து ரெண்டு வருசமா, எப்ப என்னைக் காட்டுவாங்க எண்டு பேரன்ட போன்ல பார்த்துக்கொண்டிருந்த நான். முறிஞ்சது என்ட கைதானே, அவள்டயா?"